முன்பக்க எடை

நீதிமன்றத்தில் பிரித்தார்கள்.
காடு எனக்கு: நாலு ஹெக்டேர்,
முப்பது மீட்டர் அகலம், மற்றதெல்லாம் நீளம்,
போஹோர்யே மலைச்சரிவில்
யாரோ அவிழ்த்துப் போட்ட இடுப்புவார் மாதிரி.
டிராக்டர் அவனுக்கு.
பெல்கிரேடில் செய்தது. செய்த நாடு
இப்போது வரைபடத்தில் இல்லை,
டிராக்டர் இருக்கிறது.
அதன் முதுகில் மாட்டியிருந்த வின்ச்சை
இரண்டு வக்கீல்களும் மறந்துபோனார்கள்.

வின்ச் யாருக்கு என்பதுதான்
மூன்று வருடமாக எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு.
அதையும் தபாலில் பேசினோம்.

பிறகு பட்டைவண்டு வந்தது.
ஆகஸ்டில், ஸ்ப்ரூஸ் மரங்களின் காலடியில்
காப்பித்தூள் சிந்தினாற்போல் பொடி.
வனத்துறையிலிருந்து ரொமானா வந்தாள்,
ஸ்ப்ரே டப்பாவால் நாற்பத்தொரு மரங்களுக்குச்
சிவப்புப் பொட்டு வைத்தாள்.
இருபத்தொரு நாள் கெடு.
தவறினால் அவர்களே வெட்டிவிட்டு
பில்லை எனக்கு அனுப்புவார்கள்.

வெட்ட எனக்குத் தெரியும்.
வெட்டிய மரம் தானாக மேட்டுக்கு நடந்து வராதே.
கூலிக்கு இழுப்பவர்கள் எல்லாரும் அக்டோபர் என்றார்கள்,
எல்லார் காட்டிலும் வண்டு.
சிரிலுக்கு ஒரு வரி எழுதினேன்:
வின்ச் உன்னுடையதே. சனிக்கிழமை கொண்டு வா.

வந்தான். அவன் முகத்துக்கு முன்னால் சத்தம் வந்தது.
மூன்று சிலிண்டர்; அதில் ஒன்றுக்கு
என்றைக்கும் அரை மனசு.

நான் சரிவில், வடத்தின் கொக்கியோடு.
அவன் மேலே பாதையில், நெம்புகோலோடு.
நடுவில் எழுபது மீட்டர் முள்ளும் முறிந்த கிளையும்.
ஒரு கை உயர்ந்தால், இழு.
இரு கையும் விரிந்தால், நிறுத்து.
விரல்கள் கீழ்நோக்கி அசைந்தால், தளர்த்து.
இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில்
நாங்கள் பிழையில்லாமல் பேசியது
இந்த மூன்று சொற்களைத்தான்.

பன்னிரண்டாவது மரம்
பழைய வேர்க்கட்டை ஒன்றில் போய் முட்டியது.
இரு கையும் விரித்தேன்.
வெயில் அவன் கண்ணுக்கு நேரே.
வடம் முனகியது.
டிராக்டரின் முன்சக்கரங்கள்
கொஞ்சமும் அவசரமில்லாமல்
தரையை விட்டு எழுந்தன,
ஊர்க்கூட்டத்தில் கேள்வி கேட்க
ஒருவர் எழுந்திருப்பது போல.

கத்தினேன். என்ன கத்தினேனோ.
அவன் பெயராக இருக்கலாம்,
வசவாக இருக்கலாம்,
எங்கள் வீட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறை.
நெம்புகோலை விட்டான்.
முன்சக்கரம் விழுந்த அதிர்ச்சியில்
பக்கக் கண்ணாடி கழன்று பெரணிக்குள் போனது.
இன்றுவரை கிடைக்கவில்லை.

இறங்கி, டயரில் சாய்ந்து உட்கார்ந்தான்.
மூச்சு வாங்க மேலேறினேன்.
முன்னால் எடை கட்டு, முன்னால் எடை கட்டு என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!
சொல்ல வாயைத் திறந்தேன்.
அவனோ பிளாஸ்கின் மூடியை
வலப்பக்கமாகத் திருகித் திருகி
இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான்.
வாங்கித் திறந்து கொடுத்தேன்.
அப்புறம் ஒரு கப்பியை மாட்டி,
கட்டையைச் சுற்றி இழுத்தோம்.
பதினேழோடு நிறுத்தினோம்.

அடுத்த சனிக்கிழமை
டிராக்டரின் மூக்கில்
இரண்டு சங்கிலியில் ஒரு கான்கிரீட் கட்டி.
உருண்டை அடி, அகன்ற வாய்.
கொக்கியை எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன்.
என் பெரிய குலாஷ் பானை!
பட்டியலில் அதுவும் விட்டுப்போயிருந்தது,
மூன்று வருடமாக அலமாரி அலமாரியாகத் தேடியது.
ஒரு டிசம்பரில் நான் அதைக் கீழே போட்டபோது விழுந்த
நசுங்கல்கூட அப்படியே,
சிமெண்டில்.

கேட்கவில்லை. அவனும்
மூக்கைப் பார்க்காமலே ஸ்டார்ட் செய்தான்.
சரிவில் இறங்கினேன், வடத்தை மாட்டினேன்,
கை உயர்த்தினேன்.
இழுத்தான். வடம் விறைத்தது.
முன்சக்கரங்கள் சேற்றிலேயே இருந்தன.

இன்னும் இருபத்துநாலு.
கெடுவுக்கு ஒன்பது நாள்.
பானை எங்கே என்று
மழை பிடித்தால் கேட்கலாம்.